முதல் டம்ளர் அப்பாவுக்கு

ஒரு வீட்டில் ஒருவர் வாந்தி எடுத்தால் மற்றவர்கள் "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்பார்கள். டிரைவர் வீட்டில் அப்படி யாரும் கேட்கவில்லை. "எங்க போய்க் குடிச்சீங்க?" என்றுதான் கேட்டார்கள். போன வாரம் நாம் எழுந்து வந்த இடம் அதுதான். கேட்டவன் மகன். கேட்டதோடு நிற்காமல், அப்பாவின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோய் "ஊதுங்க" என்று சொன்னானே, அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். டிரைவர் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். ஸ்டீயரிங்கில் கை வைத்திருக்கும்போது ஒரு சொட்டுத் தொட்டதில்லை. வண்டியை விட்டு இறங்கிவிட்டால் தொடாமல் இருந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு இறங்கியே இருந்தார், அப்புறம் கேட்க வேண்டுமா? ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒருவழியாகப் பிழைத்து, "இனிமே தொடமாட்டேன்" என்று மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் தையல் மெஷினே கதி என்று குடும்பத்தைக் காப்பாற்றியவள். இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள். ஆனால் இந்தத் தடவை மனிதர் சொன்னபடி நடந்தார்.

நடக்க வைத்ததில் பாதிப் பங்கு சோடாவுக்கு. பொழுது சாய்கிற நேரம்தான் அவருக்குக் கண்டம். கை எதையோ தேடும், தொண்டை சுர்ரென்று ஏதோ ஒன்றைக் கேட்கும். மகன் ஏசி மெக்கானிக், தெருவில் எல்லோருக்கும் 'கூலிங்'. அவன்தான் சமையலறை மூலையில் அந்தச் சோடா மெஷினைக் கட்டினான். ஒரு ஸ்டீல் டேங்க், ஒரு கேஸ் சிலிண்டர், பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு மேலே ஒரு குழாய். அழுத்தினால் சோடா வரும். கண்ணாடி கிளாஸ் வேண்டாம், பழைய ஞாபகம் வரும் என்று அம்மா சொல்லிவிட்டதால் பெரிய ஸ்டீல் டம்ளர் ஒன்று. சாயங்காலம் முதல் டம்ளர் அப்பாவுக்கு. அவர் குடித்த பிறகுதான் மற்றவர்கள் குழாயைத் தொடலாம். அது மகன் போட்ட சட்டம். அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது, வெளியே காட்டிக்கொள்ளமாட்டார்.

வெயில் ஏறியதும் சிக்கல் வந்தது. சோடாவுக்குக் குளிர்ச்சிதான் உயிர். தண்ணீர் சில்லென்று இருந்தால்தான் கேஸைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெதுவெதுத்துவிட்டால் குழாயைத் திறந்ததுமே கேஸ் நுரையாகப் பொங்கிப் பறந்துவிடும், டம்ளரில் மிஞ்சுவது சப்பென்ற தண்ணீர். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் டம்ளரைக் கீழே வைத்தார். ஒன்றும் சொல்லாததுதான் மகனைச் சுட்டது. மறுநாளே கையிலிருந்த மிச்சக் காப்பர் குழாயைச் சுருள் சுருளாக வளைத்து, ஒரு ஐஸ் பெட்டிக்குள் உட்கார வைத்து, டேங்கிலிருந்து வருகிற சோடாவை அந்தச் சுருள் வழியாக விட்டான். ஏசிக்காரன் கைக்குப் பழக்கம் காப்பர்தானே. "செம்புதானே, உடம்புக்கு நல்லது" என்று அம்மாவும் சொன்னாள். அன்றைக்கு வந்த சோடா பல் கூசுகிற அளவுக்குச் சில்லென்று இருந்தது.

அதற்குப் பிறகுதான் வாந்தி ஆரம்பித்தது. சாயங்காலமானால் அப்பாவுக்குக் குமட்டும், முகம் வெளிறும், ஓடிப்போய் எடுப்பார். அதே சோடாவை அவருக்குப் பிறகு அம்மா, மகன், மருமகள் மூன்று பேரும் குடித்தார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்படியென்றால் சோடா இல்லை. வேறு எது? அந்த வீட்டுக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்.

இன்று காலையில் அம்மாவின் பை கதவோரம் வந்து உட்கார்ந்திருந்தது. சாயங்கால பஸ்ஸில் தங்கை வீட்டுக்குப் போகிறாள். எப்போது திரும்புவாள் என்று யாரும் கேட்கவில்லை, கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்கிற பயம்.

சமையலறையில் மருமகள் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். வேலைக்குப் போவதற்கு முன்னால் எதையாவது தேய்க்காவிட்டால் அவளுக்குக் கை ஓடாது. கூலிங் ஐஸ் பெட்டியில் ஐஸைக் கொட்டினான். 'ஊதுங்க' என்று சொன்ன நாளிலிருந்து அப்பா அந்த டம்ளரைத் தொடவில்லை. அவர் தொடாததால் சட்டப்படி மற்றவர்களும் தொடவில்லை. ஆனாலும் ஐஸ் போடுவதை அவன் நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது.

"இந்தக் கறையைப் பாருங்க. என்னத்தைப் போட்டுத் தேய்ச்சாலும் போகமாட்டேங்குது" என்றாள்.

"என்ன கறை?"

"பச்சையா. சோடாக் குழாய் சொட்டுற இடத்துக்கு நேர் கீழ."

"பாசியா இருக்கும்."

"பாசி வழுக்கும்ல. இது வழுக்கல."

"அம்மா பையைக் கட்டிட்டு உக்காந்திருக்காங்க. உனக்குக் கறைதான் இப்ப முக்கியமா?"

"அதனாலதான் தேய்க்கிறேன். வேற என்ன செய்யச் சொல்றீங்க?" என்றாள். "மாமா குடிக்கலன்னுதான் எனக்குத் தோணுது."

"உனக்கு அவரைத் தெரியாது. குடிச்சிட்டு வந்து, குடிக்கலன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினவர். நான் பாத்து வளர்ந்தவன்."

"அன்னைக்கு ஊதினாரே. வாசனை வந்துச்சா?"

"வாசனை வராத சரக்கெல்லாம் இருக்குதாம்."

"யாரு சொன்னா?"

"பக்கத்து வீட்டுக்காரர்."

"அவருக்கு எப்படித் தெரியும்?"

கூலிங் பெட்டியை மூடிவிட்டு டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அவன் கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மெஷினை அவன் இரும்பாலும் ஸ்டீலாலும் கட்டவில்லை, ஆசையால் கட்டினான். அதைக் குடித்துக்கொண்டே அப்பா யாருக்கும் தெரியாமல் போய் வேறு எதையோ குடித்தார் என்று நினைக்க நினைக்க அவனுக்கு வயிறு எரிந்தது.

வாசலில் அப்பா உட்கார்ந்து செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். மகன் தாண்டிப் போனான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பதில் மிகவும் கவனமாக இருந்தார்கள்.

மத்தியானம் வீட்டில் தையல் மெஷின் சத்தம் மட்டும்தான். யார் வீட்டுத் திரைச்சீலையோ, மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள் அம்மா. ஒப்புக்கொண்ட வேலையை முடித்துக் கொடுக்காமல் ஊருக்குப் போகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. டிரைவர் வந்து பக்கத்தில் நின்றார். மெஷின் நிற்கவில்லை.

"சாப்பிட்டியா?"

"ம்."

"பஸ்ஸுல வலது பக்கம் உக்காராத. போற வழி பூரா அந்தப் பக்கம்தான் வெயில்."

"எனக்குத் தெரியும்."

"பின் சீட்டும் வேண்டாம். தூக்கிப் போடும்."

மெஷின் நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நான் எங்க உக்காரணும்னு இவ்வளவு கவலைப்படுறீங்களே. எதுக்காகப் போறேன்னு கவலைப்படலையா?"

"நான் குடிக்கல."

"இதோ ஆரம்பிச்சிட்டீங்க."

"ஆஸ்பத்திரியில சொன்னதைத்தான் சொல்றேன். அதுக்கப்புறம் ஒரு சொட்டுத் தொடல. ரோட்டுல எந்தப் போலீஸ்காரனும் என்னை ஊதச் சொன்னதில்ல. என் மகன் சொன்னான். ஊதினேன். அதுக்கு மேல நான் என்னத்தைக் காட்டுறது?"

"அப்ப வாந்தி ஏன் வருது? ஒரே அடுப்புச் சாப்பாடு, ஒரே குழாய்ச் சோடா. எங்களுக்கு வரல. உங்களுக்கு மட்டும், அதுவும் சாயங்காலத்துல மட்டும். இவன் சத்தம் போட்டதுக்கப்புறம் அதுவும் நின்னுபோச்சு. அது எப்படி?"

அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தால் சொல்லமாட்டாரா? அவருக்கே இரண்டு நாளாக அதுதான் ஆச்சரியம். மனசு நொந்து அந்த டம்ளரைத் தள்ளி வைத்ததிலிருந்து உடம்பு நன்றாக இருந்தது. அந்த நன்றாக இருப்பதே அவருக்கு எதிரான சாட்சியாகப் போய்விட்டது.

அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "நீங்க குடிச்சதுக்காக நான் போகல. அதுக்காகப் போறதா இருந்தா எப்பவோ போயிருப்பேன். விழுந்துட்டேன்னு சொல்லுங்க, கை கொடுக்கிறேன். மறுபடி முதல்லேருந்து ஆரம்பிப்போம். ஆனா மூஞ்சியைப் பாத்துப் பொய் சொல்லாதீங்க. இன்னொரு பொய்யை வெச்சுக் குடும்பம் நடத்த எனக்குத் தெம்பு இல்ல."

அவர் கதவோரம் இருந்த பையைப் பார்த்தார். பழைய நீலப் பை. அவர் லாரியில் எடுத்துக்கொண்டு போனது. இத்தனை வருஷமும் அந்தப் பையோடு கிளம்பிப் போனவர் அவர், வாசலில் நின்றவள் அவள்.

"ஒத்துக்கிட்டா போகமாட்டியா?"

"போகமாட்டேன்."

"சத்தியமா?"

"நான் என்னைக்கு உங்ககிட்டப் பொய் சொல்லியிருக்கேன்?"

டிரைவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "குடிச்சேன்" என்றார்.

"எங்க?"

"பாலத்துக்குக் கீழ இருக்குற கடை."

"யாரோட?"

"தனியாத்தான்."

"நிறையவா?"

"கொஞ்சம்தான். சும்மா ஒரு வாய்னு போனேன்."

முப்பது வருஷம் குடித்துவிட்டு இல்லை என்று சொல்லிப் பழகிய வாய். குடிக்காமல் ஆமாம் என்று சொல்வதா அதற்குக் கஷ்டம்? எங்கே, யாரோடு, எவ்வளவு எல்லாம் தானாக வந்து வரிசையில் நின்றன. ஆனால் சொல்லி முடித்ததும் அவருக்கு அழுகை வந்தது. அது பொய் இல்லை. அதைப் பார்த்து அவள் மொத்தத்தையும் நம்பிவிட்டாள்.

"இதைச் சொல்ல இவ்வளவு நாளா?" என்றாள். எழுந்துபோய்ப் பையை உள்ளறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். துணிகளை எடுத்து அலமாரியில் வைக்கிற சத்தம் கேட்டது. பாதியில் மருமகளுக்குப் போன் செய்து சிரித்துப் பேசினாள். அவள் சிரித்துக் கேட்டு நாளாயிற்று. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே டிரைவர் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார். போனால் போகிறது, ஒரு கெட்ட பேர்தானே, ஏற்கெனவே இருக்கிறதுதானே என்று நினைத்துக்கொண்டார்.

அதே நேரத்தில் கூலிங் ஒரு பேட்டரிக் கடையின் பின்னறையில் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தான். ஏசி குளிரவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். கேஸ் முழுக்க ஒழுகிப்போயிருந்தது. கீழே நின்று கடைக்காரர் புலம்பினார்.

"வாங்கி இன்னும் ஒரு கோடைகூடத் தாண்டல. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்."

"கம்பெனிக்காரன் இல்லீங்க, நீங்கதான்" என்றான் கூலிங். வேலை விஷயம் என்றால் அவனுக்கு வாய் நீளும். "இங்கேயே ஆசிட் ஊத்துறீங்க. புகை மேல வருது. உள்ள இருக்குற இந்தக் காப்பர் காயிலைப் பாருங்க, பச்சைப் பச்சையாப் பூத்திருக்கு. காப்பர் வெயிலைத் தாங்கும், ஐஸைத் தாங்கும், எவ்வளவு அழுத்தம் கொடுத்தாலும் தாங்கும். புளிப்பை மட்டும் தாங்காது. புளிப்பா எது பட்டாலும் அரிச்சுக் கரைஞ்சு பச்சையாக் கக்கிடும். தொட்டியில அந்தப் பச்சை..."

"எந்தத் தொட்டி?" என்றார் கடைக்காரர்.

கூலிங் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

சோடா நாக்கைக் கடிக்கிறதே, அந்தக் கடியே புளிப்புதான். அது அவனுக்குத் தெரியாததா? தண்ணீர் குளிரக் குளிரக் கேஸ் கூடும், கேஸ் கூடக் கூடப் புளிப்பு கூடும். அந்தப் புளிப்பைத்தான் சுருள் சுருளாகக் காப்பருக்குள் அடைத்து ஐஸில் முக்கி வைத்திருந்தான். காலையிலிருந்து சாயங்காலம்வரை அது அங்கேயே நிற்கும். பகல் முழுக்கக் காப்பரைக் கரைத்துக் குடித்த அந்தத் தண்ணீர்தான் குழாயைத் திறந்ததும் முதலில் வரும். அடுத்த டம்ளர்கள் டேங்கிலிருந்து புதிதாக வருகிறவை, அவற்றுக்கு ஊறுவதற்கு நேரம் கிடையாது. அவை அம்மாவுக்கு, மனைவிக்கு, அவனுக்கு. முதல் டம்ளர் அப்பாவுக்கு.

ஏற்கெனவே கெட்ட ஈரல்.

இறங்கி வந்து அம்மாவுக்குப் போன் செய்தான். அவள் எடுக்காமல் துண்டித்தாள். சமாதானம் பேசுகிறான் என்று நினைத்திருப்பாள், அல்லது ஊதச் சொன்னதற்கு இன்னும் கோபம். அப்பாவுக்கு அடித்தான். அவனுடைய டூல்ஸ் பைக்குள்ளிருந்தே மணி அடித்தது. பழைய கூட்டாளிகள் கூப்பிட்டுவிடுவார்கள் என்று அந்தப் போனைப் போன வாரம் பிடுங்கி வைத்தவன் அவன்தான். பைக்குள் கிடந்து அது அடித்து ஓய்ந்தது.

மனைவி எடுத்தாள். அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"உங்களுக்குத்தான் போன் பண்ண நெனச்சேன். அத்தை போகலையாம். மாமா ஒத்துக்கிட்டாராம்."

"என்னத்தை?"

"குடிச்சதை. பாலத்துக்குக் கீழ போய்க் குடிச்சாராம். நான்தான் அவரை நம்பி ஏமாந்துட்டேன். போகட்டும், இப்பவாவது உண்மையைச் சொன்னாரே."

கூலிங் அப்படியே நின்றான். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் அவனுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். குடித்தாரா? அப்பாடா. அப்படியென்றால் காப்பர் இல்லை, தான் இல்லை. அம்மாவும் போகவில்லை. சாயங்காலம் சத்தம் போடாமல் அந்தச் சுருளைக் கழற்றிவிட்டு ஸ்டீல் குழாய் போட்டுவிட்டால் தீர்ந்தது. யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம். எல்லோரும் சந்தோஷமாகத்தானே இருக்கிறார்கள்.

அந்த நினைப்போடு அவன் நின்றது கொஞ்ச நேரம்தான். பிறகு தொட்டியில் இருந்த பச்சை ஞாபகம் வந்தது. பொய் சொல்வதற்கு அந்தத் தொட்டிக்கு ஒரு காரணமும் இல்லை. அப்பாவுக்கு இருந்தது.

"அத்தைக்கு ஒரே சந்தோஷம்" என்று போனில் மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். "மாமாவுக்கு அவங்க கையாலேயே சோடா பிடிச்சுக் கொடுக்கப் போறேன்னாங்க. ரெண்டு நாளா குடிக்கலையேன்னு."

"குடுக்க வேண்டாம்னு சொல்லு. ஓடு. நீ வீட்டுக்கு ஓடு."

"என்னங்க ஆச்சு?"

"அந்த முதல் டம்ளர்ல விஷம் இருக்கு. நான்தான் வெச்சேன்."

ஏணியும் டூல்ஸும் பேட்டரிக் கடையிலேயே கிடந்தன. கடைக்காரர் கூப்பிட்டதும் அவன் காதில் விழவில்லை. மருமகள் ஓடிக்கொண்டே அடித்துப் பார்த்தாள், அம்மாவின் போன் உள்ளறையில் துணிகளுக்கு நடுவே அடித்து ஓய்ந்தது.

அங்கே டம்ளர் ஏற்கெனவே நிரம்பிவிட்டது.

அம்மா அதைப் புடவைத் தலைப்பில் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தாள், அவ்வளவு சில்லென்று இருந்தது. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள். "இனிமே தோணினா என்கிட்டச் சொல்லுங்க. எந்த நேரமா இருந்தாலும் இதைப் பிடிச்சுத் தர்றேன்" என்றாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவள் முகம் அப்படித் தெளிந்திருந்தது. முதல் வாயிலேயே நாக்கில் காசைச் சப்பின மாதிரி ஒரு ருசி. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகம் சுளிக்காமல் பாதி டம்ளர் குடித்தார்.

கொஞ்ச நேரத்தில் நெற்றி வியர்த்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தவர் குளியலறை வாசலைத் தாண்டவில்லை, அங்கேயே வாந்தி எடுத்தார்.

கூலிங்கும் மருமகளும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே ஓடி வந்தபோது அப்பா தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அம்மா அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்திருந்தாள். முகத்தில் இப்போது கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. வெறும் குழப்பம்.

"என் கண்ணு முன்னாடிதான்டா இருந்தாரு. எங்கேயும் போகல. இதைத் தவிர ஒண்ணும் குடிக்கல. நான்தான் கொடுத்தேன், என் கையால."

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

அவன் அந்த ஸ்டீல் டம்ளரை எடுத்தான். மிச்சம் இருந்ததை ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டினான். வெள்ளைத் துணிக்கு நீலம் போட்ட தண்ணீர் மாதிரி லேசாக நிறம் மாறித் தெரிந்தது. ஸ்டீல் டம்ளருக்குள் இத்தனை நாளும் அதை யார் பார்த்திருக்கப் போகிறார்கள்?

"காப்பர். நான் போட்ட சுருள் கரைஞ்சு வருது. பகல் பூரா உள்ளேயே நிக்கிறது முதல் டம்ளர்லதான் வரும். இதனாலதான் வாந்தி. அவர் குடிக்கலம்மா. நான்தான் குடிக்க வெச்சேன்."

மருமகள் தட்டை வாங்கிப் பார்த்தாள். "ஈரலுக்கு ஆகாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் டெஸ்ட் பண்ணணும். நான் ஆட்டோ கூட்டிட்டு வர்றேன்" என்று வெளியே ஓடினாள்.

கூலிங் அப்பாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தான். அவர் கையைப் பிடித்தான். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தான். "அப்பா" என்று மட்டும் வந்தது.

டிரைவர் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார். உதடு காய்ந்திருந்தது.

"இப்ப ஊதட்டுமா?" என்றார்.

அவன் அவர் கையிலேயே முகத்தை வைத்து அழுதான். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்த இரண்டு பேர் விஷயம் அதோடு ஒருமாதிரி தீர்ந்துவிட்டது என்றே சொல்லலாம். தீராதது எதிரே நின்றுகொண்டிருந்தது.

"அப்ப நீங்க குடிக்கல" என்றாள் அம்மா.

அவர் இன்னொரு கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"பாலத்துக்குக் கீழன்னு சொன்னீங்க. தனியாப் போனேன்னு சொன்னீங்க. அழுதீங்க."

"நீ இருக்கணும்னுதான் அப்படிச் சொன்னேன்" என்றார் அவர். "ஒத்துக்கிட்டா போகமாட்டேன்னு சொன்ன. வேற வழி தெரியல எனக்கு."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நிமிர்ந்தாள். அவள் குரலை உயர்த்தவில்லை. தைத்த துணியைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிற குரலில்தான் சொன்னாள்.

"முப்பது வருஷம் குடிச்சிட்டுக் குடிக்கலன்னு சொன்னீங்க. நம்பினேன். இன்னைக்குக் குடிக்காம குடிச்சேன்னு சொன்னீங்க. அதையும் நம்பினேன். நடுவுல நீங்க உண்மையைச் சொல்லிக்கிட்டு என் முன்னாடி வந்து நின்னீங்க. அதை மட்டும் நான் நம்பல."

"விடு. நீ என்ன பண்ணுவ" என்றார் அவர்.

"பொய் சொன்னாத்தான் இவ இருப்பான்னு உங்களுக்குத் தோணுற மாதிரி நான் நடந்திருக்கேன்ல."

யாரும் பதில் சொல்வதற்குள் அவள் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நீலப் பை அங்கேதான் இருந்தது, பாதித் துணி அலமாரியில், பாதி பைக்குள்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மருமகள் உள்ளே எட்டிப் பார்த்து, "மாமா, எழுந்திருங்க" என்றாள். கூலிங் அவரைத் தோளில் தாங்கித் தூக்கினான். இரண்டடி நடந்தவர் உள்ளறைக் கதவுக்கு நேராக நின்றுவிட்டார்.

"அவ வரட்டும்."

"அப்பா, நேரமாகுது. அம்மாவை நான் கூட்டிட்டு வர்றேன், நீங்க வண்டியில ஏறுங்க."

"அவ வெளிய வந்தாத்தான் நான் வருவேன்" என்றார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே அலமாரிக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. அப்புறம் பையின் ஜிப்பை ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைவரை இழுத்து மூடுகிற சத்தம். ஊருக்குக் கிளம்புகிற பையை அப்படித்தான் மூடுவார்கள், துணியை எடுத்து வைத்துவிட்ட காலிப் பையையும் அப்படித்தான் மூடி வைப்பார்கள்.